கல்லுக்குக் குதிரை, அத்தைக்குக் கோடிச்சேலை

நம்ம பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் நாலைந்து நாளாக ஒரே குதிரைப் பேச்சாக இருக்கிறது. சாலையை அகலப்படுத்துகிறார்களாம். பேரூராட்சி ஆபீஸ் முன்னால் நிற்கிற போர் நினைவுக் கல்லைப் பெயர்த்து, புதுப் பேருந்து நிலையத்துக்குக் கொண்டுபோய் வைக்கப் போகிறார்களாம். அந்தக் காலத்தில் செய்த மாதிரியே குதிரைகள் முன்னால் போக, மரியாதையோடு கொண்டுபோக வேண்டுமாம். அதைப் படித்ததும் உங்களுக்கெல்லாம் பால்யம் பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. "அந்தக் குதிரை ஊர்வலம் ஞாபகம் இருக்கா? ஆகா, என்ன ஒரு நாள்!" என்று ஒருவர் ஆரம்பித்தார். உடனே ஆளாளுக்குப் பூங்கொத்தும் கும்பிடுகிற கையும் போட்டீர்கள். "நம்ம ஊர்த் தியாகியின் குடும்பத்தை முன்வரிசையில் உட்கார வைக்கணும்" என்று இன்னொரு புண்ணியவான், என் பேரையும் சேர்த்து எழுதியிருக்கிறார்.

நான் வரமாட்டேன். அந்த முன்வரிசை நாற்காலியில் நீங்களே உட்கார்ந்து வெயிலில் காயுங்கள். ஞாபகம் இருக்கா என்று கேட்டீர்களே, எனக்கு இருக்கிறது. உங்களுக்குக் குதிரை மட்டும்தான் ஞாபகம். என்னோடு அஞ்சாம் வகுப்பில் தரையில் உட்கார்ந்து படித்த மகராசன்களே, மகராசிகளே, மற்றதை நான் சொல்கிறேன். பிடித்தால் படியுங்கள், பிடிக்காவிட்டால் குழுவிலிருந்து என்னைத் தூக்கி விடுங்கள்.

அந்தக் கல் முதலில் எங்கே கிடந்தது, யாராவது சொல்லுங்கள் பார்ப்போம். சந்தைப்பேட்டையில், கருவாட்டுக்காரிகளுக்கும் கயிறு விற்கிறவருக்கும் நடுவில் கிடந்தது. இடுப்பு உயரத்துக்கு ஒரு திண்டு, அதில் பதித்த ஒரு பலகைக் கல். வெள்ளைக்காரன் காலத்தில் இந்த ஊரிலிருந்து பெரிய சண்டைக்கு இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிரை விட்டார்கள் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. ஒரு பேர்கூடக் கிடையாது, எண்ணிக்கை மட்டும்தான். அந்த எண்ணிக்கையின் மேல் கருவாட்டுச் சாக்கைக் காயப் போடுவார்கள். திண்டில் எருமையைக் கட்டுவார்கள். சந்தை இல்லாத நாளில் பையன்கள் அதன் பின்பக்கம் போய் ஒதுங்குவார்கள். அதில் இரண்டு பேர் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள், நேற்றுக்கூட 'மாவீரர்களுக்கு வணக்கம்' என்று போட்டிருந்தார்கள்.

குதிரை ஊர்வலம் நடந்த வருடம் பஞ்சாயத்துச் சேர்மனாக இருந்தவர் நம்ம ஊர் ஜவ்வரிசி மில்லின் முதலாளி. அந்த மில்லின் வாடையை நீங்கள் மறந்திருக்க முடியாது. மரவள்ளிக் குச்சிக்கிழங்கை அரைத்த தண்ணீர் வாய்க்காலில் நின்று புளித்து, ஊருக்குள் காற்று திரும்பினால் சோறு இறங்காது. என் அப்பா அந்த மில்லில் மேஸ்திரி. வீட்டுக்கு வரும்போது அவருடைய புருவத்தில்கூட மாவு ஒட்டியிருக்கும். அப்பா மாவு, முதலாளி பணம் என்று அந்த மில் ஆளுக்கொன்றாகப் பூசி வைத்திருந்தது.

சேர்மன் ஏதோ சோலியாக மெட்ராஸ் போனவர், அங்கே குடியரசு தின அணிவகுப்பில் குதிரைப் படை போனதைப் பார்த்துவிட்டார். திரும்பி வந்ததிலிருந்து மனுஷனுக்கு நிலைகொள்ளவில்லை. நம்ம ஊரிலும் அப்படி ஒன்று நடக்க வேண்டும். எதற்கு நடத்துவது? சந்தைப்பேட்டையில் கல் இருக்கிறதே! அதை எடுத்து, பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் புதிதாகக் கட்டின பூங்காவில் வைக்கலாம். குதிரைகள் முன்னே போகும், பின்னால் பட்டாளத்துப் பெரிய அதிகாரி ஒருவர் ஜீப்பில் வருவார். எல்லாம் சரிதான். ஆனால் வெள்ளைக்காரன் சண்டையில் செத்த, பேர் தெரியாத தாத்தாக்களுக்காக எந்த அதிகாரி வருவார்? சுதந்திர நாட்டுக்காகச் செத்தவன் ஒருத்தன் வேண்டும், பேரோடு வேண்டும். ஊர் முழுக்கத் தேடினால் ஒரே ஒருத்தர்தான் அகப்பட்டார், என் மாமா.

மாமா என்றால் அப்பாவின் தங்கை வீட்டுக்காரர். பட்டாளத்தில் இருந்தார். வடக்கே சீனாக்காரனோடு சண்டை வந்தபோது மலைக்கு மேலே போனார். சண்டை முடிந்த பிறகு பட்டாளத்திலிருந்து வந்த காகிதத்தில் 'காணவில்லை' என்று இருந்தது. செத்துவிட்டார் என்று இல்லை. உடம்பும் வரவில்லை, பெட்டி மட்டும் வந்தது. பச்சைத் தகரப் பெட்டி. அதைத் தூக்கிக்கொண்டு அத்தை எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். பெட்டிக்குள் ஒரு ஜோடி கம்பளிக் காலுறை இருந்தது. எனக்கு முழங்கைக்கு மேல் வரைக்கும் வரும். சித்திரை வெயிலில் அதைக் கையில் மாட்டிக்கொண்டு நிற்பேன், வேர்த்து அரிக்கும், அப்படியும் கழற்ற மாட்டேன். இவ்வளவு குளிருகிற ஊர் உலகத்தில் இருக்கிறதா என்று எனக்கு நம்பிக்கை வரவே இல்லை.

அத்தைக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட இருக்காது. தினமும் குளித்துவிட்டு நெற்றியில் குங்குமம் வைப்பாள், தாலிக் கயிற்றுக்கு மஞ்சள் பூசுவாள், தலையில் ஒரு துண்டுக் கதம்பமாவது இருக்கும். அழுது நான் பார்த்ததில்லை. தெருவில் இதைப் பற்றிப் பேசாத வாய் கிடையாது. அம்மாவும் அடுப்படியில் அப்பாவிடம் புலம்புவாள்.

"ஏனுங், ஒரு கல்யாணத்துக்குப் போனா இவள முன்னால உடறதா, பின்னால உடறதா? கேக்கறவங்களுக்கு என்னன்னு சொல்றது? எனக்கு மானம் போவுதுங்க."

அப்பா சாப்பிட்ட தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போய்விடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்மனே எங்கள் வீட்டுக்கு வந்தார். முதலாளி வீட்டுக்கு வந்ததும் அப்பா தன் வீட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். உள்ளே கதவுக்குப் பின்னால் அத்தை, அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நான்.

"மேஸ்திரி, உன்ற மச்சானுக்கு வந்த யோகத்தப் பாரு. கருங்கல்லுல பேரு வெட்டச் சொல்லியாச்சு. தொறக்கறதுக்குப் பட்டாளத்து ஆபீசர் வாராரு. குதிரை மரியாதை! இந்த ஜில்லாவுல எவனுக்குக் கெடைக்கும்?"

"சரிங்க மொதலாளி. ஆனாலும்... காயிதத்துல காணோம்னுதான் போட்டிருக்குதுங்க."

"அட, எத்தன வருசமாக் காணோம்? பனியில போனவன் இனி நடந்தா வரப்போறான்? அந்தப் புள்ளையும் எத்தன நாளைக்குத்தான் ரெண்டுங்கெட்டானா இருக்கும்? ஒரு முடிவு பண்ணி உடு."

அப்பா தலையை ஆட்டினார். கதவிடுக்கில் நான் பார்த்தேன், அத்தையும் பார்த்தாள். அண்ணன் தலை மேலும் கீழும் ஆடினது, அவ்வளவுதான். தங்கையின் புருஷன் அன்றைக்குச் செத்துப்போனார்.

உங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எனக்குத் தெரியாது, அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். கல்லில் பேர் வெட்டி, மாலை போட்டு, ஊரறிய ஒருத்தரைச் செத்தவராக்கிவிட்டால், பெண்டாட்டி குங்குமத்தோடு திரிய முடியாது. அன்று சாயங்காலமே பெண்டுகள் கூடி உட்காரவைத்துத் தாலி வாங்கிவிடுவார்கள். பொறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ வெள்ளைச் சேலை எடுத்துவந்து மேலே போட வேண்டும். அதற்குக் கோடி போடுவது என்று பேர். உங்கள் குதிரை ஊர்வலத்துக்குப் பின்னால் இந்த நிகழ்ச்சிதான் இருந்தது. அதை நோட்டீசில் போடவில்லை.

சரி, குதிரைக்கு வருவோம், அதுதானே உங்களுக்கு வேண்டும். சேர்மன் போலீஸ் குதிரை கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. கடைசியில் சூரமங்கலத்திலிருந்து ஜட்கா வண்டிக் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். சேலம் ஜங்ஷன் வாசலில் ரயிலுக்கு ஆள் ஏற்றுகிற குதிரைகள். வண்டியை விட்டுவிட்டுக் குதிரையை மட்டும் ஓட்டிவந்து மில்லுக் களத்தில் கட்டினார்கள். வண்டிக்காரர்களுக்கு பேண்டு செட்டுக்காரர்களிடம் வாடகைக்கு எடுத்த சிவப்புக் கோட்டு, தங்கச் சரிகை வைத்த தொப்பி. ஒருத்தருக்கும் கோட்டு சேரவில்லை. ஒரு குதிரை மில்லில் ஒதுக்கிப் போட்ட கிழங்குச் சக்கையை, அந்தத் திப்பியை, வயிறு முட்டத் தின்றுவிட்டு இரண்டு நாள் களத்தை நாறடித்தது. நீங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தீர்கள், நானும்தான் பார்த்தேன்.

ஒத்திகையில் இன்னொரு கூத்து. வழியில் யார் கையைத் தூக்கினாலும் குதிரைகள் நின்றுவிடும். பீடிக்கு நெருப்புக் கேட்டு ஒருத்தர் கை நீட்டினார், நின்றுவிட்டன. தலையில் புல்லுக்கட்டோடு ஒரு அம்மா கட்டைச் சரிசெய்தாள், அதற்கும் நின்றுவிட்டன. சேர்மன் கத்தினார். முன்குதிரைக்காரர் வயசானவர், பொறுமையாகச் சொன்னார்.

"கோவிச்சுக்காதீங்க எஜமான். கை காட்டுனா சவாரிக் கிராக்கின்னு அதுக்கு நெனப்பு. வாழ்நாள் பூரா அதத்தானே பண்ணிக்கிட்டிருக்கு. இன்னிக்கு மட்டும் நிக்காதேன்னா அதுக்கு எப்படித் தெரியும்?"

கடைசியில் தண்டோரா போட்டார்கள், ஊர்வலம் போகிற பாதையில் ஒருவரும் கையைத் தூக்கக் கூடாது என்று. சிரிக்காதீர்கள், நிஜமாகவே போட்டார்கள். தமுக்கு எங்கள் தெருவுக்கு வந்தபோது அத்தை வாசலில் நெல்லுப் புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தி முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் மறுபடி புடைத்தாள்.

ஊர்வலத்துக்கு முந்தின நாள் அப்பா திருச்செங்கோடு போய்விட்டு வந்தார். தோள்பையை ஆணியில் மாட்டிவிட்டு மில்லுக்குப் போனார். திருச்செங்கோடு போனால் எனக்கு மிக்சர் வரும், அதனால் பைக்குள் கையை விட்டேன். மிக்சர் இல்லை. செய்தித்தாளில் சுற்றி ஒரு சேலை இருந்தது. புதுச்சேலை, பளீரென்று வெள்ளை, கஞ்சி மொடமொடப்பு. எனக்கு என்ன தெரியும்? ஒன்பது வயசுப் பெண். சந்தோஷமாக எடுத்துக்கொண்டு அத்தையிடம் ஓடினேன்.

"அத்தே, அத்தே! அப்பா உங்களுக்குப் புதுச்சேலை எடுத்தாந்திருக்காருங்க!"

அத்தை வாங்கிப் பிரித்தாள். மடியில் வைத்துத் தடவிப் பார்த்தாள். மொடமொடப்பு விரலுக்குக் கீழே சத்தம் போட்டது. நான் மிக்சர் இல்லாத வருத்தத்தில் இருந்தேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் கொண்டுவந்தது நல்ல சாமான் இல்லை என்று உறைத்தது.

அன்றைக்கு அப்பா வந்ததும் அத்தை சேலையை எடுத்துத் தரையில், அவர் காலுக்கு முன்னால் வைத்தாள்.

"ஏனுங்கண்ணா, இது ஆருக்கு?"

அப்பா சட்டையைக் கழற்றியவர், அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"நான் என்ன பண்ணட்டும் அம்மணி? மொதலாளி ஊடு தேடி வந்து கேக்கறாரு. ஊரே உன்ற புருசனுக்கு மாலை போடுது. அதுல உனக்கென்ன கொறச்சல்?"

"கொறச்சல் ஒண்ணும் இல்லீங். காலையில அவருக்கு மாலையப் போட்டுப்போட்டு, சாயங்காலம் என்ற கழுத்துல கைய வெப்பீங்க. அதுக்குக் குதிரை வேற."

"அவரு வரமாட்டாரு அம்மணி."

"அது எனக்கும் அவருக்கும் உள்ள சங்கதி. உங்க மொதலாளிக்கு வேடிக்கை பாக்கோணும்னா வேற ஆரையாச்சும் சாகச் சொல்லுங்க."

அம்மா அடுப்படியிலிருந்து, "இப்பிடிப் பேசறவள வெச்சுக்கிட்டு நான் எப்பிடிக் குடும்பம் பண்றது?" என்று முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். அப்பா கயிற்றுக் கட்டிலை எடுத்து வெளியே போட்டுக்கொண்டார். அத்தை சேலையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"சாமி, மஞ்சக் கெழங்கு எத்தன இருக்குதோ அத்தனையும் எடுத்தா."

அம்மியில் நானும் அவளும் மாற்றி மாற்றி மஞ்சள் அரைத்தோம். பெரிய அண்டாவில் கரைத்து அந்த வெள்ளைச் சேலையை முக்கினாள். கஞ்சி போட்ட துணி முதலில் பிடிக்கவில்லை, மிதந்தது. அத்தை இரண்டு கையாலும் அதைத் தண்ணீருக்குள் அமுக்கி அமுக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு கசக்கினாள். கொடியில் போட்டபோது திட்டுத் திட்டாகத்தான் ஏறியிருந்தது. இருந்தாலும் மஞ்சள் மஞ்சள்தான். என் கை ஒரு வாரம் மஞ்சளாக இருந்தது, வகுப்பில் நீங்கள் கேலி பண்ணினீர்கள்.

ஊர்வலத்தன்று வெயில் சுட்டெரித்தது. கல்லை மில் லாரியில் ஏற்றி, வாழைமரம் கட்டி, கலர்க் காகிதம் ஒட்டியிருந்தார்கள். மாமா பேர் வெட்டின புதுக் கருங்கல்லையும் அதே லாரியில், பட்டுத்துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். முன்னால் குதிரைகள், அவற்றுக்குப் பின்னால் அதிகாரியின் ஜீப், அதற்கப்புறம் பேண்டு செட்டு, லாரி, நீங்கள் எல்லாம் காகிதக் கொடியோடு. பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் ஆரத்தித் தட்டோடு சுமங்கலிப் பெண்டுகள் வரிசையாக நின்றார்கள். அத்தையை வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருந்தார்கள். துணியை விலக்கின பிறகு அழைத்துவந்தால் போதும், அதுவரைக்கும் எதிரில் வந்துவிடக் கூடாது என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

அம்மா கிணற்றடியில் இருந்த நேரம் பார்த்து அத்தை புறப்பட்டாள். திட்டு மஞ்சள் சேலை, நெற்றி நிறையக் குங்குமம், தலை நிறையக் கனகாம்பரம். பித்தளைத் தட்டில் மஞ்சள் தண்ணீரில் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கலக்கினாள், ரத்தச் சிவப்பாக மாறியது. நடுவில் சூடத்தை வைத்தாள். "வாரியா சாமி?" என்று கேட்டாள். நான் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு கூடவே போனேன்.

பெண்டுகள் வரிசை எங்களைப் பார்த்ததும் விலகியது. வழிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள், மேலே பட்டுவிடக் கூடாது என்று ஒதுங்கினார்கள். உங்களில் சிலருடைய அம்மாக்கள் அந்த வரிசையில் இருந்தார்கள். "அடிப் பாவி, எங்கடி வார?" என்று ஒருத்தி பல்லுக்கிடையில் சொன்னாள். அத்தை நேராக நடுரோட்டுக்குப் போனாள். நான் சூடத்தைக் கொளுத்தினேன். குதிரைகள் வளைவில் திரும்பி எதிரே வந்தன. அத்தை தட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள்.

முன்குதிரை அப்படியே நின்றுவிட்டது.

பின்னால் எல்லாம் நின்றன. பேண்டு செட்டு இரண்டு ஊது ஊதிவிட்டு ஓய்ந்தது. சேர்மன் "ஓட்டுடா, ஓட்டுடா!" என்று கத்துகிறார், குதிரை நகரவே இல்லை. முன்குதிரைக்காரருக்கு எங்கள் ஊர் வம்பு என்ன தெரியும்? மஞ்சளும் குங்குமமுமாக ஒரு பெண் ஆரத்தியோடு நிற்கிறாள், அவ்வளவுதான். இறங்கி, தொப்பியைக் கழற்றி, தலையைக் குனிந்தார். அத்தை தட்டைச் சுற்றி அவர் நெற்றியில் பொட்டு வைத்தாள்.

"மகராசியா இரு தாயி. எங்க குதிரைக்கும் ஒண்ணு வெச்சுவிடு" என்றார்.

குதிரைக்கும் வைத்தாள். அதற்குள் ஜீப்பிலிருந்து அந்த அதிகாரி இறங்கி வந்தார். நரைத்த மீசை, வெளியூர்க்காரர். அவரும் குனிந்து பொட்டு வாங்கிக்கொண்டார். அதன் பிறகுதான் பக்கத்தில் மூச்சு வாங்க ஓடிவந்து நின்ற சேர்மனைக் கேட்டார்.

"இந்த அம்மா யாரு?"

சேர்மன் பொய் சொல்லலாம், சொல்ல வரவில்லை. ஊரே சுற்றி நிற்கிறது. "இவிங்கதானுங்க... அந்தத் தியாகியோட சம்சாரம்" என்றார்.

அதிகாரி அத்தையின் நெற்றியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அத்தைதான் பேசினாள். 

"ஏனுங்கய்யா, நீங்க பட்டாளத்துல பெரியவருங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க போதும். என்ற ஊட்டுக்காரரு செத்துட்டாருன்னு பட்டாளம் சொல்லுச்சுங்களா?"

"இல்லம்மா. எனக்கு அப்படி எதுவும் வரல. இவங்க சொன்னாங்க, நான் வந்தேன்."

"பட்டாளம் சொல்லாதத இந்த ஊரு சொல்லுதுங்களே, அதெப்பிடிங்க? அவரு மலைக்குப் போனப்ப இவங்க ஒருத்தரும் ஒரு வாய்த் தண்ணி கொடுத்து அனுப்புலீங்க. இப்ப எல்லாருமாச் சேந்து அடக்கம் பண்ண வந்துபோட்டாங்க."

 குதிரை ஒன்று தும்மினது. கூட்டத்தில் என் அப்பா நின்றுகொண்டிருந்தார். அத்தை கட்டியிருக்கிற சேலை எது என்று அந்தக் கூட்டத்தில் என்னைத் தவிரத் தெரிந்த ஆள் அவர் ஒருத்தர்தான். தலையைக் குனிந்துகொண்டார்.

அதிகாரி சேர்மனிடம், "பழைய கல்லை வையுங்க. இன்னொன்ன மூடியே வையுங்க, நான் திறக்க மாட்டேன்" என்றார். அத்தைக்கு ஒரு சல்யூட் வைத்தார். பழைய கல்லைப் பூங்காவில் இறக்கினார்கள், பேண்டு வாசித்தார்கள், உங்களுக்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். மிட்டாய் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அத்தை ஜெயித்துவிட்டாள் என்று யாரும் இங்கே கை தட்ட வேண்டாம். நம்ம ஊரை நான் அறிவேன். மாமா பேர் வெட்டின கருங்கல் மில்லுக்கே திரும்பிப் போனது. தொட்டி பக்கத்தில் எழுத்து கீழே போகிற மாதிரி போட்டு அதன்மேல் வேலையாட்கள் துணி துவைத்தார்கள். அப்பாவின் மேஸ்திரி வேலை போயிற்று. கிழங்கு மூட்டை இறக்குகிற ஆட்களோடு ஆளாக அவர் முதுகில் சாக்கைப் போட்டுக்கொண்டார். அத்தையை அதன் பிறகு இந்த ஊரில் ஒரு நல்லது கெட்டதுக்கு யாரும் அழைக்கவில்லை. கல்யாணத்தில் தாலியைத் தட்டில் வைத்துச் சுமங்கலிகளிடம் நீட்டி வருவார்களே, எங்கள் சொந்தத்திலேயே அந்தத் தட்டு அவளிடம் வந்ததும் ஒரு ஆள் தாண்டிப் போகும். சீமந்தத்தில் வளையல் போட அவளைக் கூப்பிட மாட்டார்கள். எழவு வீட்டில் கூந்தல் விரித்த பெண்டுகளோடும் சேர்க்க மாட்டார்கள். பத்துப் பதினைந்து வருஷம் அவளை வாசலிலேயே நிறுத்தி வைத்தீர்கள். அந்த வருஷங்களில் உங்கள் வீட்டில் எத்தனை விசேஷம் நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு தாம்பூலப் பை? ஒரு வாய் பாயசம்?

அப்பாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவர் கெட்டவர் இல்லை. தங்கை நடுவில் தொங்குகிறாளே, எப்படியாவது ஒரு கரையில் இறக்கிவிடலாம் என்று நினைத்திருப்பார். முதலாளிக்குப் பயந்ததும் உண்மை. அவருடைய வயதைத் தாண்டி நிற்கிற எனக்கு இப்போது அவர் மனது புரிகிறது. புரிந்தும் கோபம் போகவில்லை. கூடப்பிறந்தவளுக்குத் தெரியாமல் கடையில் நின்று, விரித்துப் பார்த்து, விலை பேசி, ஒரு வெள்ளைச் சேலையை எப்படித்தான் வாங்கினாரோ.

எனக்குக் கல்யாணமாகி, தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு வந்திருந்த சமயம். அப்பாவும் அம்மாவும் யார் வீட்டுக் காதுகுத்துக்கோ தம்மம்பட்டிப் பக்கம் போயிருந்தார்கள். அத்தையை வழக்கம்போல யாரும் கூப்பிடவில்லை. பட்டப்பகல், உச்சி வெயில். நான் உள்ளே குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அத்தை கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள், பாதியில் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். அவள் தலையில் நரை இறங்கியிருந்தது. கையில் சாம்பல் அப்படியே இருந்தது.

"சாமி, எனக்கு ஒரு அண்டாத் தண்ணி எடுத்து வெய்யி. தலைக்கு ஊத்திக்கோணும். உங்க மாமா போயிட்டாரு."

 "எப்பங்க அத்தே? காயிதம் வந்துச்சுங்களா? ஆரு சொன்னா?"

"காயிதம் எதுக்கு? நாந்தான் சொல்றேன்."

"அத்தே..."

"அவரு எப்பவோ போயிட்டாருன்னு எனக்குத் தெரியாதா சாமி? பெட்டி வந்தன்னிக்கே தெரியும். அதச் சொல்றதுக்கு இவங்க ஆரு? செத்தது என்ற புருசன். நான் சொல்லோணும். இன்னிக்குச் சொல்றேன்."

குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டுத் தண்ணீர் எடுத்து வைத்தேன். அவளே தாலியைக் கழற்றினாள், யாரும் கை வைக்கவில்லை. அவளே நெற்றியைத் துடைத்தாள். தலைக்கு ஊற்றிக்கொண்டு, எப்போதும் கட்டுகிற கட்டம் போட்ட பச்சைச் சேலையையே கட்டிக்கொண்டு வந்து கூடத்தில் தூணோரம் உட்கார்ந்தாள். அப்புறம் அழ ஆரம்பித்தாள். வாய்விட்டு, மாரில் அடித்துக்கொண்டு, மாமா பேரைச் சொல்லிச் சொல்லி, அத்தனை வருஷத்து அழுகையையும் அழுதாள். சத்தம் கேட்டுத் தெருப் பெண்டுகள் ஒவ்வொருத்தியாக எங்கள் வாசலுக்கு வந்தார்கள். "என்னாச்சு, ஆரு போயிட்டா?" என்று எட்டிப் பார்த்தார்கள். நான் எழுந்து போய் அவர்கள் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன்.